சரளைக் குழிக்கு அனுமதி கேட்டு ஒரு கோப்பு வரும்போது

சரளைப் படிவுகளில் பெரும்பாலானவை நீர் கொண்டுவந்து போட்டவை. உருட்டி வந்த கல்லை வேகம் தணிந்த இடத்தில் விட்டுவிட்டு ஆறு விலகிப் போயிருக்கும். பழைய தடத்தின் அடியில் நிலத்தடி நீர் மட்டும் இன்னும் நடந்துகொண்டிருக்கும். அதனால் சரளை எடுக்க அனுமதி கேட்டு வரும் கோப்பைத் தண்ணீரைப் பற்றிய கோப்பாகப் படிப்பதே சரி. உள்ளே எழுதியிருப்பதோ பரப்பு, ஆழம், கன அளவு, எத்தனை ஆண்டு, அவ்வளவுதான்.

கன அளவிலிருந்து தொடங்குவது நல்லது. பிழை அங்கேதான் சுலபமாகச் சிக்கும். 1 ஹெக்டேர், 5 மீட்டர் சரளை, ஆக 50,000 கன மீட்டர் என்று இருக்கும். 100 மீட்டர் சதுரமான இடத்தில் நான்கு ஓரமும் 7.5 மீட்டர் விட்டால் மிஞ்சுவது 85 மீட்டர் சதுரம். மேலே 1 மீட்டர் மண் மூடியிருக்கிறது, ஒவ்வொரு மீட்டர் இறக்கத்துக்கும் பக்கவாட்டில் 1.5 மீட்டர் சரிவு விடவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சரளையின் தலைப்பில் 82 மீட்டர் சதுரமும் அடியில் 67 மீட்டர் சதுரமும்தான் கிடைக்கும். கணக்குப் போட்டால் சுமார் 27,800 கன மீட்டர், சொன்னதில் பாதிக்குச் சற்றே மேல். மீதியை எடுக்க வேண்டுமென்றால் சரிவைச் செங்குத்தாக்க வேண்டும், இல்லையேல் ஆழத்தையோ எல்லையையோ மீற வேண்டும். எதை மீறப்போகிறார்கள் என்பதை அந்த ஒரு எண்ணே முன்கூட்டிச் சொல்லிவிடுகிறது.

அதே எண்ணை லாரியாக மாற்றிப் பார்க்கலாம். கன மீட்டருக்கு 1.8 டன் என்று கொண்டால் சுமார் 50,000 டன், 20 டன் லாரியில் 2,500 லோடு. ஆண்டுக்கு 250 வேலைநாளில் ஒரே ஆண்டில் முடிப்பதானால் நாளொன்றுக்கு 10 லோடு, போகவர 20 நடை. குழியைப் பார்த்துவிட்டுத் திரும்புபவர்கள் இந்த 20 நடையும் எந்தச் சிறுபாலத்தின் மேல் போகும் என்று பார்ப்பதில்லை. அந்தப் பாதையை ஒருமுறை வண்டியில் போகாமல் நடந்தே பார்த்துவிடுவது உத்தமம்.

சரளை எவ்வளவு, எப்படிப்பட்டது என்று அறியத் தோண்டும் சோதனைக் குழிகளை எங்கே போட்டார்கள் என்பதை வரைபடத்தில் தேடுங்கள். எல்லாம் பாதையோரமாக வரிசையாக இருந்தால் பொக்லைன் சுலபமாகப் போன இடத்தில் தோண்டியிருக்கிறார்கள் என்று பொருள். பழைய ஆற்றுத்தடத்துக்குக் குறுக்காக ஒரு வரிசையாவது வேண்டும். சரளை தடத்தின் நடுவில் தடித்தும் ஓரத்தில் மெலிந்தும், ஊடே களிமண் பட்டையோடும் கிடக்கும். மாதிரியின் அளவும் முக்கியம். பெரிய கல் 75 மில்லிமீட்டர் என்றால் களமாதிரி 150 கிலோ வேண்டும் என்கிறது பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்கத் தரநிலை. 25 மில்லிமீட்டருக்கே 50 கிலோ. ஒரு சாக்கில் கைக்கு எட்டியதை அள்ளி வந்தால் பெரிய கல் விடுபடும், தூள் கீழே உதிர்ந்துவிடும். கல்லை அளவுவாரியாகப் பிரித்துப் பார்க்கும் சல்லடைச் சோதனையின் முடிவு அழகாக வரும், ஆனால் அது அந்த நிலத்தின் முடிவு அல்ல. 75 மைக்ரானுக்கு (0.075 மில்லிமீட்டர்) கீழான தூள் எவ்வளவு என்பதைத் தனியே பாருங்கள். கழுவினால் அதுதான் சேறாகித் தேங்கும். அதற்கான குட்டை பெரும்பாலும் திட்டப்படத்தில் இருக்காது. ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: சோதனைக் குழிக்குள் யாரும் இறங்கக் கூடாது. சரளைச் சுவர் எச்சரிக்காமல் சரியும்.

இனித் தண்ணீர். வறண்ட மாதத்தில் ஒரே நாள் அளந்த நீர்மட்டத்தை வைத்து, 'குழி நீர்மட்டத்துக்கு மேலேயே நிற்கும்' என்று எழுதிவிடுவார்கள். தேவை முழு ஆண்டின் அளவீடு, அதிலும் உச்ச மட்டம். நீர் எத்திசையில் போகிறது என்று அறிய, ஒரே கோட்டில் அமையாத 3 கண்காணிப்புக் குழாய்களாவது வேண்டும். இரண்டு குழாயை வைத்துத் திசை சொல்பவர் ஊகிக்கிறார். குழி நீர்மட்டத்துக்குக் கீழே போனால், நீரை இறைக்காவிட்டாலும் மாற்றம் வரும். நிலத்தடி நீர்மட்டம் இயல்பாகச் சாய்ந்திருக்கிறது, குளத்தின் மட்டமோ சமமாக நிற்கும். அதனால் நீர் வரும் பக்கத்துக் கிணறு இறங்கும், நீர் போகும் பக்கத்து வயல் ஈரமேறும். திறந்த நீர் ஆவியாவதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கிணறுகளின் ஆழமும் மட்டமும் வேலை தொடங்குமுன் பதிவாகவில்லை என்றால், பின்னால் வரும் புகாரைத் தீர்க்க எவராலும் முடியாது.

ஆற்றுப்படுகையிலேயே எடுப்பதானால் கேள்வி மாறிவிடுகிறது. அங்கே இருப்பு என்று ஒன்றும் இல்லை, வரவு மட்டுமே உண்டு. ஆண்டுதோறும் வெள்ளம் கொண்டுவருவதைவிடக் கூடுதலாக எடுத்தால் படுகை இறங்கும். குழியின் மேல்விளிம்பை நீர் அரித்து அரித்து அந்தப் பள்ளம் ஆற்றின் மேற்புறமாக நகரும், கல்லைக் குழியில் இறக்கிவிட்ட நீர் கீழ்ப்புறத்தில் கரையைத் தின்னும். மேலே அணை இருந்தால் வரவு ஏறக்குறைய நின்றே போயிருக்கும். எனவே 'இயற்கையாக நிரம்பிவிடும்' என்ற வரிக்கு ஆதாரமாகக் குறுக்குவெட்டு அளவீடுகளை, அதாவது ஆற்றின் குறுக்கே கரைக்குக் கரை படுகையின் மட்டத்தை அளந்தவற்றை, கேட்க வேண்டும். வெள்ளத்துக்கு முன்னும் பின்னும், அதே இடங்களில், பல ஆண்டுகள் எடுத்தவையாக அவை இருக்க வேண்டும். போர்ச்சுகலின் டூரோ ஆற்றில் ஹின்ட்ஸே ரிபெய்ரோ பாலம் 2001 மார்ச் 4 அன்று இடிந்து 59 பேர் மாண்டார்கள். தூணின் அடிப்பிடிப்பைப் பல ஆண்டு மணல் அள்ளல் பறித்ததை விசாரணை சுட்டியது. பாலம் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று கேட்பதோடு நிறுத்தாமல், அதன் அடித்தளம் இன்றைய படுகைக்குக் கீழே எத்தனை மீட்டர் இறங்கியிருக்கிறது என்றும் கேளுங்கள்.

கரையோரச் சமவெளிக் குழிக்கு வேறொரு ஆபத்து: வெள்ளத்தில் ஆறு தனக்கும் குழிக்கும் நடுவே விட்ட இடைக்கரையை உடைத்துக்கொண்டு குழிக்குள் பாய்ந்து, அதையே தன் தடமாக்கிக்கொள்ளும். பழைய வான்படங்களை வரிசையாக அடுக்கி ஆறு எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று பார்த்தால் இடைக்கரைக்கு எத்தனை அகலம் போதும் என்பது ஓரளவு புலப்படும். தூசியும் சத்தமும் இதனோடு ஒப்பிட எளியவை. ஆனால் விண்ணப்பக் கேள்விப்பட்டியலில் அவற்றுக்குத்தான் அதிகப் பக்கம்.

கடைசியில் நிபந்தனைகள். 'மேல்மண்ணைப் பாதுகாக்கவும்' என்று எழுதினால் அது குவாரி வாசலில் மேடாகக் கிடந்து ஒருநாள் விற்றுப்போகும். எங்கே, எத்தனை கன மீட்டர், எந்த உயரத்துக்குள், ஈரமான நாளில் கலைக்காமல் என்று எழுத வேண்டும். ஆழத்துக்கும் அப்படித்தான். 'தரைமட்டத்திலிருந்து 6 மீட்டர்' என்று அனுமதியில் இருக்கும், வேலை முடிந்து அளக்கப் போகும்போது அந்தத் தரையே இருக்காது. எல்லைக்கு வெளியே, லாரி ஏறாத இடத்தில், மட்டம் குறித்த கான்கிரீட் கல் ஒன்று முதல் லோடு கிளம்புவதற்கு முன்பே நட்டிருக்க வேண்டும்.