பில்லுக்கு முந்திய பற்றுச்சீட்டு

மொத்த வியாபாரக் கடையொன்றுக்கு நாங்கள் செய்து கொடுத்த பில்லிங் மென்பொருளில், காசு கட்டிய நேரம் பில் போட்ட நேரத்துக்கு இரண்டு மூன்று செக்கன் முந்தியதாக விழத் தொடங்கியது. எல்லாப் பில்லிலும் இல்லை, இடைக்கிடைதான். யாழ்ப்பாணத்தில் எங்களைப் போன்ற சின்ன நிறுவனங்கள் ஒரு சேர்வரை வாங்கி அதற்குள் பல மெய்நிகர் இயந்திரங்களை, அதாவது மென்பொருளால் உருவாக்கிய கணினிகளை, ஓட்டும். பில் ஒன்றில் பதிவாகும், காசு இன்னொன்றில்.

"அண்ணை, நேரத்தை மாத்தி விடட்டோ?" என்றான் கூட வேலை செய்யும் தம்பி.

"பொறும். இப்ப மாத்தினா என்ன நடந்ததெண்டே தெரியாமல் போயிடும்."

நேரப் பிழையில் எத்தனை செக்கன் பிழை என்பதைவிட, அது எப்படிப் பிழைக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியம். சரியாக ஐந்தரை மணித்தியாலம் விலகினால் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்துக்கும் உள்ளூர் நேரத்துக்கும் இடையிலான குழப்பம்தான். ஒரே பாய்ச்சலில் பின்தங்கியிருந்தால், இயந்திரத்தை இடையில் யாரோ நிறுத்தி வைத்து எழுப்பியிருப்பார்கள். கொஞ்சம் கொஞ்சமாகப் பின்தங்குவது பழைய வியாதி. அந்தக் காலத்து லினக்ஸ் இயங்குதளம், டைமர் ஒழுங்கான இடைவெளியில் அனுப்பும் குறுக்கீடுகளை எண்ணித்தான் நேரம் கணக்கிட்டது. ஹோஸ்டில், அதாவது சேர்வரில், நெருக்கடி வந்து கெஸ்டுக்கு, அதாவது அதற்குள் ஓடும் மெய்நிகர் இயந்திரத்துக்கு, முறை கிடைக்காவிட்டால் சில குறுக்கீடுகள் எண்ணப்படாமலே போய்விடும். இப்போது கேவிஎம் என்ற மெய்நிகராக்க மென்பொருளில் ஹோஸ்டே நேரத்தைப் பொது நினைவகப் பக்கமொன்றில் எழுதி வைக்கிறது. கெஸ்ட் அதை வாசித்து, செயலிக்குள் ஓடும் டிஎஸ்சி எண்ணியிலிருந்து மிச்சத்தைக் கூட்டிக்கொள்கிறது.

அரை மணித்தியாலம் மட்டும் விலகினால்? அது எங்கள் நாட்டுச் சங்கதி. 1996 மே மாதம் இலங்கை நேரம் யுடிசியைவிட ஆறரை மணித்தியாலம் முந்தியதாகப் போனது, ஒக்டோபரில் ஆறுக்கு இறங்கியது, 2006 ஏப்ரலில்தான் ஐந்தரைக்குத் திரும்பியது. அந்தப் பத்து வருடப் பதிவுகளை நேரவலயத் தரவு இல்லாமல் யுடிசிக்கு மாற்றிப் பாருங்கள், தெரியும்.

எங்கள் பிழை இவை ஒன்றிலும் சேரவில்லை. பில் இயந்திரத்தில் நேரத்தை ஒத்திசைக்கும் நிரலான குரோனியைக் கேட்டால் சில வேளை எல்லாம் சரி என்றது, சில வேளை பல செக்கன் முந்துகிறது என்றது. அதனால் இரண்டு இயந்திரங்களின் நேர வித்தியாசத்தையும் ஒவ்வொரு செக்கனும் ஒரு கோப்பில் எழுத வைத்து, மாலையில் அதை வரைபடமாக்கினோம். வந்தது அரம்பப் பல். நேரம் திடீரென முன்னே எகிறுகிறது, பிறகு சரிந்து சரிக்கு வருகிறது, மறுநிமிடம் திரும்பவும் எகிறுகிறது.

வரைபடத்தைப் பார்த்ததும் பாதி வேலை முடிந்தது. ஒரு கடிகாரத்தை இரண்டு பேர் திருத்துகிறார்கள். குரோனி, சரியான நேரம் சொல்லும் இணையத்து என்டிபி சேர்வர்களைப் பார்த்து இழுக்கிறது. கெஸ்டுக்குள் நிறுவும் உதவி மென்பொருளான கெஸ்ட் டூல்ஸ் நிமிடத்துக்கொரு தடவை ஹோஸ்டைப் பார்த்துத் தள்ளுகிறது. அந்த ஹோஸ்டின் நேரமோ முந்தி ஓடுகிறது. கெஸ்டுகளுக்குள் குரோனி இருக்கிறதே என்று ஹோஸ்டில் ஒருவரும் என்டிபி போடவில்லை. கணினிக் கடிகாரத்தை ஓட்டும் சாதாரணப் பளிங்கு பத்து இலட்சத்தில் ஐம்பது பங்கு பிசகினாலே நாளொன்றுக்கு நாலு செக்கன் தாண்டும். காசு இயந்திரத்தில் கெஸ்ட் டூல்ஸ் ஒத்திசைவு அணைந்திருந்ததால் அதன் நேரம் மட்டும் ஒழுங்காக இருந்தது.

கெஸ்ட் டூல்ஸ் ஒத்திசைவை நிறுத்தினோம், ஹோஸ்டுக்கும் என்டிபி கொடுத்தோம். கடை திறந்திருக்கும்போது நேரத்தை ஒரேயடியாகப் பின்னுக்குத் தள்ளுவதில் எனக்கு உடன்பாடில்லை, மெல்லத்தான் இறக்க வேண்டும். என்ன, பொறுமை வேண்டும். பழைய நேர ஒத்திசைவு நிரலான என்டிபிடி ஒரு செக்கனை இறக்கவே அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். அப்புறம் நிரலில், இரண்டு நிகழ்வுக்கிடையே எவ்வளவு நேரம் என்று அளந்த இடங்களில், நாள் நேரம் சொல்லும் கணினியின் 'சுவர்க் கடிகாரத்தை' எடுத்துவிட்டு, பின்னோக்கிப் போகாத மொனொடோனிக் கடிகாரத்தைப் போட்டோம். அங்கேயும் அதுவரை மறைப் பெறுமானங்கள் வந்துகொண்டிருந்தன, யாரும் கவனிக்கவில்லை.

பழைய பில்களின் நேரத்தையும் திருத்தித் தரும்படி கடை முதலாளி கேட்டார். எந்தப் பில் எத்தனை செக்கன் முந்தியது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அவற்றை அப்படியே விட்டுவிட்டு, அறிக்கைகளை நேரத்தின்படி அல்லாமல் பில் இலக்கத்தின்படி வரிசைப்படுத்திக் கொடுத்தோம்.