ரேங்க் கார்டில் இரண்டு கையெழுத்து

பிளஸ் டூ அரையாண்டுத் தேர்வில் இயற்பியலில் 70-க்கு 11 வாங்கினேன். தேர்ச்சிக்கு எழுத்துத் தேர்வில் குறைந்தது 15 வேண்டும். பத்தாம் வகுப்பில் அறிவியலில் 91 எடுத்தவள் நான்.

அந்த 11 எனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டது. வகுப்பில் எல்லோருடைய மதிப்பெண்ணையும் போட்டோ எடுத்துப் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டிருந்தார்கள். சித்தி பையன் என் வகுப்புதான். சித்தி அம்மாவுக்கு ஃபோன் போட்டுவிட்டார். மாநில அளவில் முதல் மூன்று இடம் என்று அறிவிப்பதை அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. எங்கள் குரூப்பில் மட்டும் அது அப்போதும் நிற்கவில்லை.

வீட்டில் கேட்டது: "ஃபோன் பாக்குறியா?" பள்ளியில் கேட்டது: "வீட்ல ஏதும் பிரச்சினையா?" இரண்டு இடத்திலும் இல்லை என்றேன். இரண்டுமே உண்மை.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டைப் பக்கம். அப்பாவுக்கு விசைத்தறியில் ஷிப்ட் வேலை, அம்மா வீட்டிலேயே தைக்கிறார். பெற்றோர் கூட்டம் எப்போதும் வேலைநாளில் மதியம் 3 மணிக்குத்தான் வைப்பார்கள். நைட் ஷிப்ட் வாரமென்றால் அப்பா தூங்கிக்கொண்டிருப்பார். பகல் ஷிப்ட் என்றால் அரைநாள் கூலி போகும். ஆகவே வீட்டுக்கும் பள்ளிக்கும் நடுவில் ஒரே தபால்காரி நான்தான். எந்தத் தபாலைக் கொடுப்பது, எதைக் கிழித்துப் போடுவது என்பதும் என் இஷ்டம். காலாண்டு ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தை நானே போட்டிருந்தேன்.

அரையாண்டுக்கு அப்பாவே போட்டார். வகுப்பாசிரியை கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுல எது உங்கப்பா?" என்று கேட்டார். எனக்கு நாக்கு எழவில்லை.

வகுப்பு முன்னால் நிறுத்தியிருக்கலாம். டீச்சர் அதைச் செய்யவில்லை. ஷிப்டில் சாப்பாட்டு நேரம் பார்த்து ராத்திரி 8 மணிக்கு மேல் அப்பாவுக்கு ஃபோன் போட்டார். கையெழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "சனிக்கிழமை அம்மாவ அனுப்புங்கண்ணே. பாப்பாவும் கூட இருக்கட்டும்" என்றார், அவ்வளவுதான்.

அம்மா போய் உட்கார்ந்ததுமே வழக்கமான வசனத்தைச் சொன்னார்: "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க டீச்சர்." டீச்சர் சிரித்துவிட்டார். "தோலெல்லாம் வேணாம்மா. நேத்து காலைல எந்திரிச்சதுல இருந்து என்னென்ன செஞ்சான்னு அவளே சொல்லட்டும்." என்னையும் ஒரு ஸ்டூலில் உட்காரச் சொல்லி, ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். 4.15-க்கு எழுந்தேன். 5 மணி பஸ். 5.30 முதல் 7.30 வரை டியூஷன். 8.15-க்கு ஸ்பெஷல் கிளாஸ். சாயந்திரம் 4.10-க்குப் பள்ளி முடிந்தால் மறுபடி 6 வரை ஸ்பெஷல் கிளாஸ். வீடு வந்து சேர 7.15. பிறகு பள்ளி வீட்டுப்பாடம், டியூஷன் டெஸ்ட்டுக்குப் படிப்பு. படுத்தது 11.45.

"நாலரை மணி நேரம்தான் தூக்கம்" என்று டீச்சர் கூட்டிச் சொன்னார். "டியூஷன் போறியா? சொல்லவே இல்லையே?" பாட ஆசிரியர் வருத்தப்படுவாரே என்று நான் மறைத்திருந்தேன். அம்மாவுக்கு வேறு அதிர்ச்சி: "ஆறு மணி வரைக்குமா கிளாஸ் வைக்கிறீங்க? இவ பஸ் ஸ்டாண்டுல பேசிட்டு நிக்கிறான்னுல நெனச்சேன்!" ஆளுக்கு ஒரு பாதி தெரிந்திருந்தது. முதல் பீரியடில் நான் தலை சாய்ப்பதை டீச்சர் பார்த்திருக்கிறார். மதியச் சாப்பாடு டப்பாவோடு அப்படியே திரும்பி வருவதை அம்மா பார்த்திருக்கிறார். தனித்தனியாகப் பார்த்தால் ஒன்று சோம்பல், இன்னொன்று வாய்க்கொழுப்பு. சேர்த்து வைத்த பிறகுதான் பிள்ளை ஒடிந்துகொண்டிருப்பது தெரிந்தது.

ஜனவரி முதல் டியூஷன் சனி, ஞாயிறு மட்டும் என்று ஆனது. ஆண்டுக்கான பணத்தை மொத்தமாகக் கட்டிவிட்டோமே என்று அப்பா இரண்டு நாள் பேசவில்லை. வாரத்தில் மூன்று நாள் 4.30 பஸ்ஸுக்கு என்னை விட்டுவிடப் பள்ளி ஒப்புக்கொண்டது. அதற்கு டீச்சர் தலைமையாசிரியரிடம் இரண்டு முறை போக வேண்டியிருந்தது. குரூப்பில் மதிப்பெண் போடுவதும் நின்று, அவரவர் நம்பருக்குத் தனியாக அனுப்பினார்கள். இரண்டு நாள் தொடர்ந்து டப்பா நிறைந்து திரும்பினால் அம்மா டீச்சருக்கு மிஸ்டு கால் கொடுக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்தே போட்ட ஒப்பந்தம். ஒரே ஒரு முறைதான் கொடுத்தார்.

அப்பாவிடம் டீச்சர் சொன்ன இன்னொன்றுதான் என் வயிற்றிலிருந்த கல்லை எடுத்தது: "ஒருவேளை தவறினாலும் ஜூன்லயே துணைத் தேர்வு இருக்குண்ணே. வருசம் வீணாகாது." ஃபெயிலானால் என்ன நடக்கும் என்று வீட்டில் வாய்விட்டுப் பேசியது அன்றுதான் முதல் தடவை. பேசிய பிறகு பாதி பயம் போய்விட்டது. உங்கள் வீட்டில் இந்தப் பேச்சைத் தேர்வுக்கு முன்பே பேசிவிடுங்கள், ரிசல்ட் அன்று வேண்டாம்.

படிப்பு விஷயத்தில் பெரிதாக ஒன்றும் இல்லை. தினம் ஏழு மணி நேரத் தூக்கம், புத்தகத்தின் பின்பக்க ஒரு மதிப்பெண் கேள்விகள் (15 கேள்வி, 15 மதிப்பெண்), திருப்புதல் தேர்வுத் தாள்களைத் திரும்ப எழுதிப் பார்த்தது. கேள்வித்தாள் வாசிக்கத் தரும் முதல் 10 நிமிடத்தில் கட்டாயக் கேள்வியைத்தான் முதலில் பார்த்தேன்.

ரிசல்ட்டுக்கு முந்தைய இரவு தூக்கம் வராமல் 14416-க்குப் பேசினேன். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது. இலவசம், தமிழிலேயே பேசுவார்கள், 24 மணி நேரமும் எடுப்பார்கள். பள்ளிக் கல்வித் துறைக்கு 14417 இருக்கிறது. பெற்றோரும் கூப்பிடலாம், பிள்ளைக்குத்தான் என்று எண்ணைக் கொடுத்துவிட்டு ஒதுங்க வேண்டாம்.

இயற்பியலில் 100-க்கு 62, மொத்தம் 600-க்கு 431. சித்தி பையன் 512. இப்போது நான் பி.எஸ்சி. கணிதம் இரண்டாம் ஆண்டு.

தம்பி இந்த வருடம் பத்தாவது. அவன் டீச்சரிடம் அம்மா ராத்திரி 8 மணிக்குப் பேசலாமா என்று கேட்டதற்கு, "அந்த நேரம் என் பிள்ளைக்கும் நான் பாடம் சொல்லிக் குடுக்கணும்மா" என்றிருக்கிறார். நியாயம்தானே. மாதத்தில் ஒரு ஞாயிறு காலை பத்து நிமிடம் என்று பேசி முடித்திருக்கிறார்கள். ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு, தம்பியும் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பது அம்மாவின் நிபந்தனை. அவனும் உட்காருகிறான், ஒரு கண் டிவி கிரிக்கெட்டில்.