அம்மாவைப் பாலைவனத்துக்குக் கூட்டிப்போன கதை

நவம்பர் 16, ஞாயிறு. சுங்கை சிப்புட், மலேசியா

மூன்று மணிக்குப் பிடித்த மழை இன்னும் விடவில்லை. நேற்று தோட்டத்தில் என் ஹைலக்ஸ் பிக்கப் வண்டியின் பின்சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. செம்பனை மட்டை நாலு வெட்டிச் சக்கரத்துக்கு அடியில் கொடுத்து வெளியே எடுப்பதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது.

தங்கச்சி ஷார்ஜாவிலிருந்து கூப்பிட்டாள். டிக்கெட் போட்டாயிற்று. டிசம்பர் 1 கிளம்பி 8ஆம் தேதி திரும்புகிறோம். அம்மாவும் நானும் மட்டும்தான். பையனுக்குப் பள்ளி விடுமுறை இன்னும் வரவில்லை, அதனால் அவனும் மனைவியும் வீட்டோடு. இதைச் சொன்னதிலிருந்து அவன் என்னோடு பேசுவதில்லை.

"வெள்ளிக்கிழமை டெசர்ட் சஃபாரி போறோம்ணே, அம்மாவுக்கும் சேத்துத்தான் சொல்லியிருக்கேன்" என்றாள். அம்மாவுக்கு 67 வயது. முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டி, தோளில் காண்டாக் கம்பு போட்டுப் பால் வாளி சுமந்து, இடுப்பு தேய்ந்து போனவள். மணல்மேட்டில் வண்டி குதிக்கும் வீடியோவை அவளும் பார்த்திருக்கிறாள். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கவலை.

நவம்பர் 18, செவ்வாய்

ஒட்டுக்கடையில் விசாரித்தேன். துபாய் போய் வந்தவர்கள் எங்கள் ஊரில் மூன்று பேர் தேறினார்கள். ஒருவர், உயிர் தொண்டைக்கு வந்துவிட்டது என்றார். இன்னொருவர் இடுப்பாட்டக்காரியின் வீடியோவைத் தவிர வேறு எதையும் காட்டவில்லை. மூன்றாமவர் கோழி வாட்டலைப் பற்றி மட்டுமே பேசினார். மூவரும் போனது ஒரே மாதிரிச் சுற்றுலாதான்.

நவம்பர் 23, ஞாயிறு

தங்கச்சியைத் துருவித் துருவிக் கேட்டதில் விஷயம் பிடிபட்டது. மத்தியானம் மூன்று மணி வாக்கில் வீட்டு வாசலிலேயே வந்து ஏற்றிக்கொள்வார்கள். ஒரு வண்டிக்கு ஆறு பேர், தெரியாதவர்களோடு சேர்ந்துதான் போக வேண்டும். மணல்மேட்டு ஓட்டம், சூரியன் மறைவது, அப்புறம் கூடாரம், ஒட்டகம், மருதாணி, சாப்பாடு, ஆட்டம். ஒன்பதரைக்கு வீடு. ஆளுக்கு 150 திர்ஹம், நம் காசுக்கு 170 வெள்ளி (ரிங்கிட்) பக்கம். நாலு சக்கர மோட்டார்சைக்கிள் ஓட்ட வேண்டுமென்றால் அது தனிக் கணக்கு.

கர்ப்பிணிகள், இதய நோயாளிகள், முதுகு கழுத்து வலிக்காரர்கள், கைக்குழந்தைகள் மணலில் ஏறக்கூடாது. பணம் கட்டும் பக்கத்திலேயே அது சின்ன எழுத்தில் இருக்கிறதாம். ஆனால் கேட்டால் இன்னொரு வழியும் உண்டு. மணலில் ஏறாமல் நேராகக் கூடாரத்துக்கு வேறு வண்டியில் கொண்டுபோய் விடுவார்கள். முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும், அங்கே போய் நின்றுகொண்டு கேட்டால் நடக்காது. அம்மாவும் தங்கச்சியும் அவள் மகளும் அப்படி. நானும் மச்சானும் மணலில்.

அம்மாவிடம் சொன்னேன். "அப்ப சரி" என்றாள். அத்தனை நாளும் அவள் முகத்தில் இருந்த ஒன்று அப்போதுதான் இறங்கியது.

நவம்பர் 30, ஞாயிறு

பெட்டி கட்டினோம். கட்டினோம் என்பதைவிட, அம்மா கட்டியதை நான் பிரித்தேன் என்பதுதான் சரி. மகளுக்கு என்று ஒரு பொட்டலம் கசகசா வைத்திருந்தாள். ஐக்கிய அரபு அமீரகத்தில் கசகசா தடைசெய்யப்பட்ட பொருள். விமான நிலையத்தில் பிடித்தால் போதைப்பொருள் கணக்கில் போய்விடும். "குருமாவுக்குப் போடறத எவன்டா பிடிப்பான்?" என்று கோபித்துக்கொண்டாள். எடுத்து வெளியே வைத்த பிறகும், ஒரு சிட்டிகை எங்காவது சிந்திக் கிடக்குமோ என்று பெட்டியைக் கவிழ்த்து உதறினேன்.

சுவெட்டர் வைத்ததற்கும் சண்டை. "பாலைவனத்துக்கு எதுக்குடா சுவெட்டரு?"

டிசம்பர் 3, புதன். ஷார்ஜா

ஏழு மணி நேரப் பயணம். இங்கே நமக்கு நாலு மணி நேரம் பின்னால். அம்மா விடியற்காலை இரண்டு மணிக்கே எழுந்து உட்கார்ந்து, பசியாற என்ன இருக்கிறது என்று தேடுகிறாள். நேற்று தேசிய தினம், 1971 டிசம்பர் 2இல் உருவான நாடு. கட்டடத்துக்குக் கட்டடம் கொடி. இன்று கார்த்திகை. பதினோராவது மாடிப் பால்கனியில் அம்மா ஏழு விளக்கு வைத்தாள். காற்று ஐந்தை அணைத்துவிட்டது.

டிசம்பர் 6, சனி. ஷார்ஜா

நேற்று வந்ததும் படுத்துவிட்டேன். இப்போதுதான் எழுத முடிகிறது.

முதலில் காத்திருப்பைச் சொல்கிறேன், யாரும் சொல்லாத பகுதி அதுதான். மூன்று மணிக்கு வண்டி வந்தது. நாலு மணிக்குள் மணலில் இருப்போம் என்று நினைத்தால், சாலையோரத்தில் ஒரு கடை முன்னால் நாற்பது நிமிடம் நிறுத்திவிட்டார்கள். தலையில் துணியைக் கட்டிவிட்டு முப்பது திர்ஹம் கேட்கிறார்கள். மோட்டார்சைக்கிள் ஓட்டு, ஓட்டு என்று ஒருவன் விடாமல் பின்னால் வருகிறான். அங்கே செலவு செய்தே ஆக வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. சும்மா நிற்கலாம். நான் நின்றேன். மச்சான் துணி கட்டிக்கொண்டார்.

நின்றதில் ஒரு நல்லது நடந்தது. ஓட்டுநர் சக்கரத்துக்குக் காற்று இறக்குவதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பெஷாவர் பக்கத்துக்காரர், ஐம்பது வயது இருக்கும். குனிந்து வால்வில் ஒரு சின்னக் கருவியைச் செருகினார். உஸ்ஸென்ற சத்தம் நீண்டுகொண்டே போனது. 35இல் இருந்த காற்றை 16 வரைக்கும் இறக்கினார். சக்கரம் பாயாசம் குடித்த வயிறு மாதிரி அகன்று உட்கார்ந்தது. அகன்றால் மணலில் பாரம் பரவும், புதையாது. நான் தோட்டத்தில் இதே மாதிரி வண்டியைச் சேற்றில் ஓட்டுகிறவன் என்று மச்சான் இந்தியில் சொன்னதும் மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. கையை வண்டியாக்கிக் காட்டிப் பாடம் எடுத்தார். மேட்டில் பாதியில் நின்றுபோனால் வண்டியைத் திருப்பாதே, வந்த தடத்திலேயே நேராகப் பின்னால் இறங்கு. குறுக்கே திருப்பினால் உருண்டுவிடும். தனியாக ஒருநாளும் போகாதே. அதனால்தான் பத்துப் பதினைந்து வண்டி வரிசையாகப் போகின்றன. ஒன்று மாட்டினால் இன்னொன்று இழுக்கும்.

இடம் லஹ்பாப், துபாய் பக்கத்துப் பாலைவனம். மணல் பழுப்பு இல்லை, நல்ல சிவப்பு. மணலில் இருக்கும் இரும்புதான் காரணம், நம் தோட்டத்துச் செம்மண்ணுக்கும் அதே இரும்புதான். லேண்ட் குரூசருக்குள் தலைக்கு மேலே இரும்புக் குழாய்க் கூண்டு போட்டிருந்தது, வண்டி உருண்டாலும் கூரை நசுங்காது.

அப்புறம் ஏறினார். கண்ணாடி முழுக்க வானம். மேட்டு உச்சியில் ஒரு கணம் எதுவுமே தெரியவில்லை, அடுத்த கணம் கண்ணாடி முழுக்க மணல். வண்டி பக்கவாட்டில் சரிந்துகொண்டே இறங்குகிறது, மணல் ஜன்னலில் அலை மாதிரி அடிக்கிறது. உள்ளே எல்லோரும் கூச்சல். நான் கூச்சல் போடவில்லை, அவர் கால் ஆக்ஸிலேட்டரில் என்ன செய்கிறது என்று எட்டிப் பார்க்கப் பார்த்தேன். அதற்குத் தண்டனை கிடைத்தது. நான் இருந்தது கடைசி வரிசை, ஆட்டம் அங்கேதான் அதிகம். பதினைந்தாவது நிமிடத்தில் மத்தியானம் தங்கச்சி போட்ட பிரியாணி மேலே வர ஆரம்பித்தது. வாந்தி உறையைக் கையில் பிடித்துக்கொண்டேன், நல்லவேளை தேவைப்படவில்லை. மொத்தம் இருபத்தைந்து நிமிடம், அவ்வளவுதான். போகிறவர்கள் மத்தியானம் அரை வயிறு சாப்பிடுங்கள், நடு வரிசையைப் பிடியுங்கள்.

ஐந்தரைக்கே சூரியன் மறைந்துவிட்டது. நம் ஊரில் ஏழு மணிக்கு மறைவதைப் பார்த்துப் பழகிய எனக்கு, யாரோ கடையைச் சீக்கிரம் கட்டிவிட்டுப் போன மாதிரி இருந்தது. மணலைத் தொட்டேன். மேலே இன்னும் இளஞ்சூடு, விரலை உள்ளே விட்டால் குளிர்ச்சி.

கூடாரத்துக்குப் போனால் அம்மாவைக் காணோம். கம்பளம், திண்டு, தாழ்ந்த மேசை எல்லாம் இருக்கிறது, தங்கச்சி மகள் மருதாணிக்குக் கை நீட்டிக்கொண்டிருக்கிறாள். "கால மடக்க முடியலன்னு எழுந்து போனாங்க" என்றாள் தங்கச்சி. வேலிக்கு வெளியே ஒரு மரம், அதன் அடியில் அம்மா. கையை மரத்தின் மேல் வைத்துக்கொண்டு நிற்கிறாள். பக்கத்தில் தேநீர் போடும் மலையாளத்துத் தம்பி.

"டேய், இது வன்னியாம்டா."

இங்கே அதற்குக் காஃப் என்று பெயர், இந்த நாட்டின் தேசிய மரம். 2019ஐச் சகிப்புத்தன்மை ஆண்டு என்று கொண்டாடியபோது சின்னமாக வைத்தது இந்த மரத்தைத்தான். வேர் முப்பது மீட்டருக்கும் கீழே போய்த் தண்ணீர் குடிக்கும் என்கிறார்கள். அந்தத் தம்பி மலையாளத்தில் "வன்னி" என்று சொல்லியிருக்கிறார், அம்மாவுக்கு அது போதும். எங்கள் பாட்டி விருத்தாசலம் பக்கத்திலிருந்து கப்பலேறியவள். விருத்தாசலம் கோயிலின் தல மரம் வன்னி. பாண்டவர்கள் ஆயுதத்தை ஒளித்துவைத்த மரம் என்று தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் உட்கார்ந்து பாட்டி கதை சொல்வாளாம். அம்மா பிறந்தது தோட்டத்தில். வன்னியை அவள் பார்த்ததே இல்லை, நானும்தான்.

இலை புளிய இலையைவிடச் சின்னது, கிளையில் குட்டி முள். அம்மா கீழே உதிர்ந்து கிடந்த இலைத்துணுக்கை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, திரும்பக் கீழேயே போட்டாள்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒட்டகச் சவாரி ஐந்தே நிமிடம், ஒரு வட்டம். ஒட்டகம் எழும்போது பின்னங்காலை முதலில் தூக்கும், நாம் முன்னால் விழப் பார்ப்போம், பின்னால் சாய்ந்துகொள்ள வேண்டும். அது உட்காரும்போதும் நாம் பின்னால்தான் சாய வேண்டும். பருந்தைக் கையில் வைத்துப் படம் எடுத்தால் அதற்குக் காசு.

ஏலக்காய் போட்ட அரபுக் காப்பி, பிடியில்லாத சின்னக் கிண்ணத்தில் தருகிறார்கள். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். அம்மாவுக்கு அது தெரியாது. குடித்துவிட்டு மரியாதையாக நீட்டினாள், ஊற்றினார்கள். மறுபடி நீட்டினாள், மறுபடி ஊற்றினார்கள். வீணாக்கக் கூடாதே என்று ஐந்து கிண்ணம் குடித்துவிட்டு, "நல்ல மனுசங்கதான், ஆனா விடவே மாட்டேங்குறாங்க" என்றாள். பேரீச்சம்பாகு ஊற்றிய லுகைமாத் உருண்டையை மட்டும் அவளாகவே இரண்டாம் தடவை கேட்டாள்.

வெள்ளிக்கிழமை, அம்மாவுக்குச் சைவம். சோறு, பருப்பு, ஹம்முஸ், ரொட்டி, சாலட் கிடைத்தது. கோழியும் ஆட்டிறைச்சியும் நெருப்பில் வாட்டுகிற வரிசை நீளம், நமக்குத் தேவையில்லாததால் சீக்கிரம் உட்கார்ந்துவிட்டோம். அப்புறம் ஆட்டம். தனூரா என்று ஒருவர் விளக்கு பதித்த பாவாடையோடு பம்பரமாகச் சுற்றினார், எகிப்துப் பக்கத்துக் கலை. அம்மா முழுக்க அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். "கரகம் ஆடுறவனுக்குக்கூட நடுவுல நிக்க நேரம் உண்டு" என்றாள். இடுப்பாட்டமும் இந்த நாட்டு ஆட்டம் இல்லை, வெளியூர்ச் சரக்குதான். அது வந்ததும் அம்மா தங்கச்சி மகளின் மருதாணி காய்ந்துவிட்டதா என்று பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

கடைசியில் எல்லா விளக்கையும் அணைத்தார்கள், நட்சத்திரம் பார்க்க. பார்க்க முடியவில்லை. பௌர்ணமிக்கு மறுநாள் அல்லவா, ஆறு மணி தாண்டியதுமே நிலா முழுசாக மேலே வந்துவிட்டது. நட்சத்திரம் வேண்டுமென்றால் அமாவாசையை ஒட்டிப் போக வேண்டும், நாள் குறிக்கும்போது யாரும் அதைப் பார்ப்பதில்லை. ஆனால் பாட்டு நின்ற அந்த ஐந்து நிமிடத்தில் மணல்மேடெல்லாம் பால் ஊற்றிய மாதிரி இருந்தது. ஒரு பூச்சிச் சத்தம்கூட இல்லை. தோட்டத்து இரவில் தவளையும் சில்வண்டும் இல்லாமல் ஒரு நொடி இருந்ததில்லை. எனக்குக் காது அடைத்துக்கொண்டதோ என்று தோன்றியது.

அம்மா சுவெட்டரின் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டாள். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

டிசம்பர் 14, ஞாயிறு. சுங்கை சிப்புட்

பெரிய கங்காணி வீட்டு அக்கா ஜனவரியில் துபாய் போகிறார். என்ன எடுத்துப்போகட்டும் என்று புலனத்தில் (வாட்ஸ்அப்) கேட்டார். எழுதி அனுப்பினேன்: மூடிய சப்பாத்து வேண்டாம், மணல் நிறையும், கழற்றப் போடச் செருப்பே சுகம். சேலை வேண்டாம், சுரிதார் போடுங்கள், ஒட்டகத்தில் ஏற வேண்டும். சால்வை வேண்டும். சில்லறைத் திர்ஹம் வைத்துக்கொள்ளுங்கள். மாமாவுக்கு இதய அடைப்புக்கு வைத்தியம் நடந்திருக்கிறது என்றால் மணல் ஓட்டம் வேண்டாம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள். கசகசா கூடவே கூடாது.

காலையில் கோயிலில் பெண்கள் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்கள். பாலைவனம் எப்படி இருந்தது என்றால், "குளிரு" என்கிறாள். அதற்கு மேல் கேட்டால் வன்னியைப் பற்றித்தான் பேசுகிறாள். வன்னி இங்கே வளருமா என்று பூசாரி ஐயாவிடம் கேட்டாளாம். "இந்த மழைக்கு வேர் அழுகிப்போயிடும்மா" என்றாராம்.

டிசம்பர் 16, செவ்வாய்

மறுபடி அதே இடத்தில் ஹைலக்ஸ் மாட்டியது. கூட வந்த தோட்டத்துப் பையன் மட்டை வெட்டக் கத்தியை எடுத்தான். "இருடா" என்று நிறுத்தி, குனிந்து, பெஷாவர்க்காரர் மாதிரியே நாலு சக்கரத்துக்கும் காற்றை இறக்கினேன். உஸ்ஸென்று நல்ல சத்தம். ஏறி உட்கார்ந்து மெல்ல மிதித்தேன். வண்டி இன்னும் அரை அடி கீழே போனது.

மட்டை வெட்டித்தான் எடுத்தோம். காற்றடிக்கும் இயந்திரம் கையில் இல்லை. டவுன் வரை இருபது வேகத்தில் உருட்டிக்கொண்டு வந்தேன், பின்னால் ஒரு செம்பனை லாரி வழிநெடுக ஹார்ன் அடித்துக்கொண்டே வந்தது.