கொத்துக் குளுசையும் புதுச் சட்டமும்

பேஸ்புக்குக்கு ஒரு கட்டுப்பாடும் வேணாம் எண்டு கத்துற ஆக்கள் 2018 பெப்ரவரிய மறந்திட்டாங்க போல. அம்பாறை டவுன்ல ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடைல ஒரேயடியா புள்ள உண்டாகாம மலடாக்குற குளுசைய கொத்துக்குள்ள போடுறாங்க எண்டு கிளப்பிவிட்டு, சிங்களம் சரியா விளங்காத காசாளர மிரட்டி ஓம் எண்டு சொல்லவெச்ச வீடியோ போன் போனா ஓடி, பள்ளிவாசலயும் கடையளயும் உடைச்ச. அப்பிடி ஒரு குளுசையே உலகத்தில இல்ல!

மறுகா மார்ச்சில கண்டிப் பக்கம் நடந்த திகன கலவரத்தோட பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாத்தயும் அரசாங்கம் பூட்டிச்சு. பூட்டி என்ன, பொடியன்மார் விபிஎன் போட்டுட்டு உள்ளுக்கதான் கிடந்தாங்க, கட்டார்ல இரிக்கிற மகனோட கதைக்க ஏலாம முழிச்சது அம்மாமார்தான்.

அதுக்காக 2024ல வந்த, ஒன்லைன்ல எழுதுறதக் கட்டுப்படுத்துற நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நல்லமெண்டு நான் சொல்லல்ல. ஜனாதிபதி நியமிக்கிற அஞ்சு பேர் இருந்து இது பொய் எண்டு முடிவெடுத்தா 24 மணித்தியாலத்துக்குள்ள எழுதினத தூக்கணுமாம். மட்டக்களப்பில காணிப் பிரச்சினை நடக்கிற மயிலத்தமடு மேய்ச்சல்தரைய பத்தி எழுதினா அது உண்மையா பொய்யா எண்டு கொழும்பில இருந்து ஆரு சொல்ற? எதிர்க்கட்சி, ஊடகக்காரர் எல்லாரும் கத்தியும் பார்லிமெண்டில 108க்கு 62 வோட்டு எண்டு பாஸ் பண்ணிட்டாங்க.

வாயப் பூட்டுறதுக்கு இவ்வளவு அவசரம். நம்மட தகவலக் காப்பாத்துற தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022லயே பாஸ், 2025லயும் திகதியத் தள்ளித்தான் போட்ட. போனுக்கு ரீலோட் போடுற கடைல கொப்பில எழுதிவெச்ச நம்பருக்கு ராவைல 'ஹாய்' வாற கதைய நம்மட பொம்புளப் புள்ளையள்கிட்ட கேட்டுப் பாருங்க.