குடியை விட்ட பிறகு வரும் சாயங்காலங்கள்

தினமும் நிறையக் குடிக்கிறவர் என்றால் முதலில் ஒரு விஷயம். நாளையிலிருந்து ஒரு சொட்டுக்கூடத் தொடமாட்டேன் என்று சபதம் எடுத்துக்கொண்டு, வீட்டில் தனியாக இருந்தபடி ஒரேயடியாக நிறுத்தாதீர்கள். மூளையின் வேகத்தைக் குறைக்கிற வேலையை வருடக்கணக்காகச் சாராயம் பார்த்துவந்தால் மூளையும் அதற்கு ஈடுகொடுத்து எப்போதும் முறுக்கேறியே இருக்கப் பழகிவிடும், திடீரென்று சாராயம் நின்றால் அந்த முறுக்கு மட்டும் மிச்சம். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மையோடு முடிந்தால் பரவாயில்லை, சிலருக்கு முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரும், மூன்றாம் நாள் வாக்கில் இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரிந்து புத்தி தடுமாறும், உயிருக்கே ஆபத்தான நிலை அது. என் டாக்டர் அந்த நாட்களைக் கடக்க மாத்திரை கொடுத்து, மெல்ல மெல்ல அளவைக் குறைத்தார், கூடவே தயாமின் என்கிற பி1 வைட்டமினும் கொடுத்தார். மூச்சுப் பயிற்சியோ செல்போன் செயலியோ இந்தக் கட்டத்தில் மருத்துவத்துக்கு மாற்று ஆகவே ஆகாது.

நான் சொல்ல வந்தது அதற்கு அடுத்த கட்டத்தை. உடம்பு தேறிவிட்டது, கை நடுங்கவில்லை, வீட்டில் எல்லோரும் பிரச்சினை முடிந்தது என்று நிம்மதியாகிவிட்டார்கள், ஆனால் சாயங்காலம் என்று ஒன்று தினமும் வருகிறதே. அந்த நேரத்தில் என்ன செய்வது என்று எந்த மருந்துச் சீட்டிலும் எழுதியிருக்காது. ஆலோசகர் ஒருவர்தான் ஆன்லைனில் நடக்கும் எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பைச் சொன்னார் (உடம்பிலும் மனதிலும் அந்தந்த நொடியில் நடப்பதை அப்படியே கவனிக்கிற பயிற்சி), அது முடிந்த பிறகும் அதே ஆட்கள் வாராவாரம் கூடிப் பேசுவார்கள் என்றார். நேரில் ஒரு கூட்டத்துக்குப் போகும் தைரியம் எனக்கு அப்போது இல்லை, வாசலில் தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ற பயம். இங்கே கேமராவை அணைத்துவைக்கலாம், பெயரை மாற்றிக்கொள்ளலாம், பேசாமலே இருக்கலாம்.

பேசாமல்தான் இருந்தேன். அங்கே ஒரு விதி, ஒருவர் பேசும்போது யாரும் குறுக்கே புகுந்து புத்தி சொல்லக் கூடாது. முகம் தெரியாத ஒருவர், பாட்டிலைத் திறக்கும் சத்தம் அடுத்த அறைக்குக் கேட்காமல் இருக்க மூடியின் மேல் துண்டைச் சுற்றித் திருகுவாராம், அதை எந்த நடுக்கமும் இல்லாமல் சாதாரணமாகச் சொல்லிக்கொண்டு போனார். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அந்தத் துண்டு எனக்கும் தெரியும். இதையெல்லாம் உலகத்திலேயே நான் ஒருவன்தான் செய்கிறேன் என்ற எண்ணத்தோடு எத்தனை காலம் வாழ்ந்திருக்கிறேன்!

சரி, பயிற்சிக்கு வருவோம். ஆலன் மார்லட் என்ற அமெரிக்க உளவியலாளர், குடிக்க வேண்டும் என்ற வேகத்தை அலையோடு ஒப்பிட்டார், அது எழும்பும், உச்சிக்குப் போகும், பிறகு தானாகவே இறங்கும், எதிர்த்து நிற்காமலும் அதோடு அடித்துக்கொண்டு போகாமலும் அதன் மேலேயே மிதந்து கடக்கலாம் என்பது அவர் சொன்ன வழி. கேட்டபோது நான் நம்பவில்லை, ஏனென்றால் என் அனுபவத்தில் அது இறங்கியதே கிடையாது. பிறகுதான் புரிந்தது, இறங்கும்வரை நான் ஒருநாளும் அதை விட்டுவைத்ததில்லை.

வகுப்பில் செய்தது இவ்வளவுதான். அந்த வேகம் வரும்போது அது உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று தேட வேண்டும். எனக்கு முதலில் தாடை இறுகும், அப்புறம் வாயில் எச்சில் ஊறும், தொண்டைக்குழிக்குக் கீழே ஒரு இழுப்பு, விரல் நுனியில் குறுகுறுப்பு. நடத்துகிறவர் அவசரப்படாமல் கேட்பார், ‘இப்போ எங்கே இருக்கு? அங்கேயே இருக்கா, நகருதா? கூடுதா, குறையுதா?’ பதில் சொல்லச் சொல்ல, என்னைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்த ஒன்று வெறும் இறுக்கமும் எச்சிலுமாகச் சிறுத்துவிடும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் அடங்கிவிடுகிறது, திரும்ப வருகிறது, திரும்பவும் அடங்குகிறது.

கண்ணை மூடி உடம்பை உச்சி முதல் பாதம் வரை கவனிக்கிற பயிற்சி எனக்கு ஆரம்பத்தில் ஆகவில்லை, கண்ணை மூடினாலே படபடப்பு கூடியது. கண்ணைத் திறந்தே வைத்திருங்கள், பாதம் தரையில் படுவதை மட்டும் கவனியுங்கள் என்றார்கள், அது பிடிபட்டது. பழைய காயங்களோடு வருகிறவர்களுக்கு இது முக்கியம், உள்ளே பார் என்று கட்டாயப்படுத்துகிற இடம் நல்ல இடம் இல்லை.

இந்த எட்டு வார முறையை வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்லட்டோடு சேர்ந்து சாரா போவனும் நேகா சாவ்லாவும் உருவாக்கினார்கள். 2014-இல் வந்த ஆய்வில், முதற்கட்ட சிகிச்சையை முடித்த 286 பேரைப் பல பிரிவுகளாகப் பிரித்துப் பார்த்தார்கள், ஒரு வருடம் கழித்து மற்றப் பிரிவினரைவிட இந்தப் பயிற்சி பெற்றவர்கள் போதைப்பொருள் எடுத்த நாட்களும் குறைவு, அளவு மீறிக் குடித்ததும் குறைவு. சிகிச்சை முடிந்தவர்களிடம் செய்த ஆய்வு என்பதைக் கவனியுங்கள்.

ஆனால் என்னைக் காப்பாற்றியது மூச்சு மட்டும்தான் என்று சொன்னால் அது பொய். தனியாக உட்கார்ந்து கவனிக்கும்போது பாதியில் எழுந்துவிடுவேன். வகுப்பில் எங்களை இருவர் இருவராகச் சேர்த்துவிட்டிருந்தார்கள், எனக்கு ஒரு அக்கா, என்னைவிட வயதில் மூத்தவர், பல வருடமாகக் குடிக்காமல் இருப்பவர். ஒரு நாள் சாயங்காலம் அவருக்கு ‘வந்துடுச்சு’ என்று ஒரே வார்த்தை அனுப்பினேன். குடிக்காதே தம்பி, குடும்பத்தை நினைத்துப் பார் என்றெல்லாம் அவர் எழுதவில்லை. ‘எங்கே?’ என்று மட்டும் கேட்டார். தொண்டையில் என்றேன். ‘இப்போ?’ என்றார். நெஞ்சுக்கு இறங்கிவிட்டது என்றேன். இப்படியே போனது, அந்த நேரமும் போனது. வகுப்பில் கற்றது கைக்கு வந்தது அங்கேதான், யாரோ ஒருவர் கேட்கிறார் என்பதாலேயே நானும் விடாமல் பார்த்தேன்.

குழுவில் ஒருவர் சில வாரம் காணாமல் போய்த் திரும்பி வந்தார், மறுபடி குடித்துவிட்டாராம். ஏன் குடித்தாய் என்று யாரும் கேட்கவில்லை, குடிப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் என்ன நடந்தது என்று கேட்டார்கள். பசி, கோபம், தனிமை, களைப்பு, இந்த நான்கில் ஒன்றாவது அநேகமாக இருக்கும், அவருக்கு மூன்று இருந்தது. முதல் கிளாஸைவிட, ‘அதான் குடிச்சாச்சே, இனி என்ன இருக்கு’ என்ற நினைப்பே ஆளைச் சாய்க்கிறது என்பதையும் மார்லட் எழுதியிருக்கிறார், திரும்பி வந்தவர் பேசியபோது அதை அப்படியே கண்ணால் பார்த்தேன்.

எந்தக் குழுவில் சேருவது என்று கேட்பவர்களுக்கு: 1935-இல் தொடங்கிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் (ஏஏ) பன்னிரண்டு படிகள், தனக்கு மேலான ஒரு சக்தி என்ற வழியில் போகிறது, ஸ்மார்ட் ரெக்கவரி அப்படி இல்லாமல் எண்ணங்களையும் பழக்கங்களையும் கையாளும் உத்திகளைக் கற்றுத்தருகிறது, ரெக்கவரி தர்மா தியானத்தையும் பௌத்தத்தையும் ஒட்டியது. மூன்றுக்குமே ஆன்லைன் கூட்டங்கள் உண்டு. ஏஏவையும் அதன் பன்னிரண்டு படிகளை ஒட்டிய சிகிச்சைகளையும் பற்றி 2020-இல் வந்த, பல ஆய்வுகளை ஒன்றுசேர்த்து அலசும் காக்ரேன் அமைப்பின் ஆய்வுத் தொகுப்பு, முழுதாகக் குடியை நிறுத்தி வைப்பதில் அவை மற்ற பேச்சுச் சிகிச்சைகளுக்குச் சமமாகவோ மேலாகவோ இருப்பதாகச் சொல்கிறது, ஆகவே பழசு என்று ஒதுக்க வேண்டாம். இரண்டு மூன்று இடத்தில் உட்கார்ந்து பாருங்கள், எங்கே வாய் திறக்க வருகிறதோ அங்கே இருங்கள்.

திரை வழியே நடப்பதில் குறையும் இருக்கிறது. கேமராவை அணைத்துவிட்டால் குடித்துக்கொண்டே கூட்டத்தில் இருக்கலாம், யாருக்கும் வாடை வராது. கொஞ்ச நாளில் கேமராவைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வது அதனால்தான். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் குழுவின் அடுத்த கூட்டத்துக்குக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

சேரும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். கூட்டத்தைப் பதிவு செய்கிறார்களா? மாத்திரை பற்றி என்ன சொல்கிறார்கள்? நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகள் குடிக்கும் ஆசையைக் குறைக்க டாக்டர்கள் கொடுப்பவை, அதை எடுப்பவர் உண்மையில் குடியை விட்டவர் இல்லை என்று ஒரு குழுவில் யாராவது சொன்னால், அன்றே அந்தக் குழுவை விட்டு வெளியே வந்து வேறு குழு தேடுங்கள், மாத்திரையை மட்டும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.