ரயில் நின்ற பாதையில் தண்ணீருக்கு வழி

மயிலாடுதுறையிலிருந்து தரங்கம்பாடிக்குச் சென்ற மீட்டர்கேஜ் கிளைப்பாதை 1926-இல் திறக்கப்பட்டது. 1986-இல் போக்குவரத்து நின்றது. மன்னம்பந்தல், செம்பனார்கோயில், ஆக்கூர், திருக்கடையூர், தில்லையாடி, பொறையாறு என்று ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் கடலை நோக்கி ஓடிய அந்தப் பாதையில் இன்று தண்டவாளம் இல்லை, சிலிப்பர்கள் இல்லை, பல இடங்களில் தண்டவாளத்தைத் தாங்கிய மண்கரையே இல்லை. கரை மிஞ்சியிருக்கும் இடங்களில் சீமைக்கருவேலம் மண்டிக்கிடக்கிறது. பாதைப் பராமரிப்புப் பிரிவில் சேர்ந்து, பணிக்காலத்தின் பெரும்பகுதியை டெல்டாவின் பாதைகளிலேயே கழித்து ஓய்வுபெற்ற எனக்கு, இந்தக் கிளைப்பாதையில் எஞ்சியதைக் காப்பாற்றலாம் என்று கூடிய தன்னார்வலர் குழு ஒன்றுக்கு ஆலோசகராக இருக்கும் வாய்ப்பு சில ஆண்டுகளுக்கு முன் அமைந்தது. ஆலோசகர் என்பது அவர்கள் வைத்த பெயர். நான் செய்வது என்னவோ பாதையைப் பராமரிக்கும் ஆட்குழுவை, அதாவது கேங்கை, முன்நின்று நடத்தும் பழைய மேட் வேலைதான்.

குழுவில் கல்லூரி மாணவர்கள் உண்டு. பள்ளி ஆசிரியர்கள் சிலர், பெங்களூரில் கணினி வேலை பார்த்துக்கொண்டு விடுமுறைக்கு மட்டும் ஊர் திரும்பும் ஓர் இளைஞர், சுண்ணாம்பு வேலை தெரிந்த வயதான கொத்தனார் ஒருவர் ஆகியோரும் உண்டு. இளைஞர்களின் மனத்தில் இருந்தது வேல்ஸ் நாட்டின் தாலிலின் பாதை. கற்பலகைச் சுரங்கத்துக்காக 1860-களில் போடப்பட்ட அந்தச் சிறுபாதை மூடப்படவிருந்த நிலையில், 1951-இல் தன்னார்வலர்களே அதை ஏற்று நடத்தத் தொடங்கினார்கள். உலகில் அப்படி மீட்கப்பட்ட முதல் பாதை அதுதான். ஆர்வம் நல்லதுதான். ஆனால் அங்கே தண்டவாளம் இருந்தது, எஞ்சின் இருந்தது, விட்டுக்கொடுக்க ஒரு கம்பெனியும் இருந்தது. இங்கே நிலம் இந்திய ரயில்வேயுடையது. அனுமதியில்லாமல் அதில் நுழைவது 1989-ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவின்படி குற்றம். கிடக்கும் ஒரு துருப்பிடித்த போல்ட்டை ஞாபகார்த்தமாகப் பையில் போட்டுக்கொண்டால் 1966-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாகக் காத்திருக்கிறது. ஆகவே எழுத்துபூர்வமான அனுமதி கைக்கு வரும்வரை யாரையும் கரையில் ஏற நான் விடவில்லை. புதரை வெட்டலாம், மதகுகளைச் சுத்தம் செய்யலாம், அளக்கலாம், படமெடுக்கலாம், கரையின் மண்ணைத் தொடக்கூடாது என்ற நிபந்தனைகளுடன் கடிதம் வந்தது. பிறகு ஒரு மாணவி கண்டெடுத்த, தண்டவாளங்களை இணைக்கும் ஃபிஷ் போல்ட் ஒன்றைக்கூட இடம், நாள் குறித்துப் பதிவேட்டில் எழுதி ஒப்படைத்தோம். அந்தப் பெண்ணுக்கு என்மேல் கொஞ்சம் வருத்தம்தான்.

முதல் கூட்டத்தில் எந்த வேலையிலிருந்து தொடங்குவது என்ற பேச்சு எழுந்தது. நிலையக் கட்டடம், பெயர்ப்பலகை, நடைமேடை என்று பட்டியல் நீண்டது. நான் மதகுகள் என்றேன். யாருக்கும் அதில் உற்சாகம் வரவில்லை. பெயர்ப்பலகைக்கு மஞ்சள் வண்ணம் அடித்துப் படமெடுத்தால் ஊரே பார்க்கும். கரைக்கு அடியில் ஆகாயத்தாமரை அடைத்துக்கிடக்கும் செங்கல் மதகை யார் பார்க்கப்போகிறார்கள்?

டெல்டாவில் ரயில் பாதை போட்டவர்களுக்கு மண்ணைவிடத் தண்ணீர்தான் பெரிய கவலையாக இருந்தது. தஞ்சாவூர் ஜில்லா போர்டின் பணத்தில் 1894-இல் மாயவரத்திலிருந்து (இன்றைய மயிலாடுதுறை) முத்துப்பேட்டைக்குப் போடப்பட்ட பாதை வடக்கிலிருந்து தெற்கே போவதால், அரசலாறு, திருமலைராஜனாறு, முடிகொண்டானாறு என்று கிழக்கே ஓடும் ஆறுகளையெல்லாம் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. அங்கே வேலை பார்த்தவனுக்குப் பாலங்களின் கணக்குத்தான் பாதையின் கணக்கு. தரங்கம்பாடிப் பாதையின் சங்கடம் வேறு வகையானது. அது ஏறத்தாழ நீரோடும் திசையிலேயே ஓடுகிறது. ஆற்றைக் கடக்கும் பெரிய பாலத்தில் எது கெட்டாலும் உடனே எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஆனால் மைல் கணக்கில் நீளும் ஒரு மண்கரை, தன் ஒரு பக்கத்து வயல்களின் வடிநீரை மறுபக்கத்து வாய்க்காலுக்குப் போகவிடாமல் தடுத்து நிற்பது கண்ணில் படாது. அந்த நீரை மறுபக்கம் அனுப்புவதற்காகத்தான் கரைக்கு அடியில் ஒரு கண், இரண்டு கண் (நீர் போகும் திறப்பு) கொண்ட சிறு மதகுகளை வைத்தார்கள். அவற்றில் ஒரு கண் அடைபட்டால் கரை அணையாகிவிடும். கரையோரம் நீர் தேங்கினால் மண் ஊறும். ஊறிய மண்ணின் மேல் ஜல்லி தங்காது. ஜல்லி இறங்கினால் தண்டவாளத்தின் மட்டம் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் இரவுக் காவலுக்குப் போகும் ஆளிடம் நாங்கள் முதலில் சொல்லி அனுப்பியது மதகைப் பார் என்பதுதான். கையில் விளக்கும், ஆபத்தென்றால் தண்டவாளத்தில் வைத்து ஓட்டுநரை எச்சரிக்கும் வெடியைப் பையிலும் எடுத்துக்கொண்டு தன் எல்லைவரை நடந்து, எதிரே வரும் காவலாளிடம் ரோந்துக் குறிப்பேடான பீட் புத்தகத்தை மாற்றிக்கொண்டு திரும்பும் அந்த ஆட்கள், வழியிலுள்ள ஒவ்வொரு மதகிலும் குனிந்து விளக்கை நீட்டித் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்பார்கள்.

இன்று மட்டம் போவதற்குத் தண்டவாளம் இல்லை. ஆனால் வயல் இருக்கிறது. ரயில் நின்றுபோன பிறகும் அன்றாடம் வேலை செய்துகொண்டிருக்கும் உறுப்பு இந்தப் பாதையில் ஒன்று உண்டென்றால் அது மதகுதான். அதைப் பராமரிக்கத்தான் ஆள் இல்லை. இதைச் சொன்ன பிறகே குழு என் பக்கம் சாய்ந்தது.

ஆக்கூருக்குக் கிழக்கே, இரண்டு கண் மதகு ஒன்றில் வேலையைத் தொடங்கினோம். ஒரு கண்ணில் பனைமரத் துண்டுகளையும் மண்மூட்டைகளையும் போட்டு யாரோ அடைத்திருந்தார்கள். மற்றதில் வண்டல் முக்கால்வாசிக்கு ஏறிக் கோரை முளைத்திருந்தது. நாங்கள் மண்வெட்டியும் அன்னக்கூடையுமாக இறங்கியதுமே இரு பக்கத்து விவசாயிகளும் வந்துவிட்டார்கள். மேல்பக்கத்துக்காரருக்கு மகிழ்ச்சி. “நாலு நாள் மழைக்கே பயிர் முங்கிடுது, சீக்கிரம் தொறந்து விடுங்க தம்பி” என்றார். கீழ்ப்பக்கத்துப் பெரியவர் கரையிலேயே உட்கார்ந்துகொண்டார். “நீங்க கண்ணைத் தொறந்துவிட்டுட்டுப் போயிடுவீங்க. ஐப்பசியில அவ்வளவு தண்ணியும் என் வயல்லதான் வந்து விழும். அப்ப யாருங்க வந்து பாப்பீங்க?”

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆற்றுநீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பகுதியில் ஒரே மனிதருக்கே குறுவையில் தண்ணீர் போதாது, சம்பாவில் தண்ணீர் வடியாது. ஜூன் 12-இல் மேட்டூரைத் திறந்தாலும் இங்கே வந்து சேரும் நீர் சொற்பம் என்பதால், வந்த நீரை விடாமல் நிறுத்திவைக்க மேல்பக்கத்துக்காரரே ஒரு கோடையில் அந்தக் கண்ணை அடைத்திருக்கக்கூடும். மழைக்காலத்தில் அதுவே அவருக்குப் பகையாகிவிட்டது. யார் அடைத்தது என்று நாங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே வேலை நின்றிருக்கும்.

குழுவின் இளைஞர்களுக்குப் பொறுமை போய்விட்டது. கடிதம்தான் கையில் இருக்கிறதே, திறந்துவிடலாம் என்றார்கள். அனுமதிக் கடிதம் ரயில்வே எல்லைக் கல்லோடு முடிந்துவிடுகிறது, தண்ணீர் அங்கே நிற்பதில்லை என்று சொல்லி, அன்று அடைப்பைத் தொடாமல் வண்டலை மட்டும் எடுக்கச் சொன்னேன். முழங்கால் ஆழத்துக்குக் கீழே செங்கலைக் குத்தாக அடுக்கிப் போட்ட பழைய தளம் தென்பட்டது. தொண்ணூறு வருடத்துக்கும் மேற்பட்ட தளம், ஓரத்தில் இரண்டு மூன்று செங்கல் பெயர்ந்ததைத் தவிரக் குறையொன்றும் இல்லை. கொத்தனார் தன் டியூப் லெவலை, அதாவது நீர் நிரப்பிய மட்டக்குழாயை எடுத்து, அந்தத் தளத்திலிருந்து மேல்பக்க வயலின் மட்டத்தையும் கீழ்ப்பக்க வாய்க்காலின் மட்டத்தையும் இரண்டு விவசாயிகளின் கண்முன்னேயே பிடித்துக் காட்டினார். தளம் மேல்பக்க வயலைவிடத் தாழ்ந்தே இருந்தது. ஆனால் அதிலிருந்து நீரை வாங்கிக்கொள்ள வேண்டிய கீழ்ப்பக்க வாய்க்கால், தூர்வாரப்படாமல் தளத்தைவிட உயர்ந்துபோயிருந்தது. பெரியவர் பயந்தபடியே, மதகை மட்டும் திறந்தால் நீர் வாய்க்காலில் போகாமல் அவர் வயலில்தான் ஏறும்.

தூர்வாரும் வேலையைக் கீழே தொடங்கி மேலே வர வேண்டும் என்பது டெல்டாவில் ஆற்றுவேலை தெரிந்த எவரும் சொல்வதுதான். வாய்க்கால் எங்கள் அனுமதிக்குள் வராது என்பதால் ஊர்க்காரர்களே கூடி, வடிகாலில் சேரும் இடம்வரை அதை வெட்டிச் சீர் செய்தார்கள். நெய்வேலிக் காட்டாமணக்கைப் பிடுங்கும் வேலைக்கு மட்டும் எங்கள் பிள்ளைகள் கைகொடுத்தார்கள். வாய்க்கால் ஓடத் தொடங்கிய பிறகு, மேல்பக்கத்துக்காரரும் பெரியவரும் நின்று பார்க்க, பனந்துண்டுகளை எடுத்தோம். எந்த மட்டம்வரை எடுப்பது என்ற பேச்சே வரவில்லை. தளம்வரை, அவ்வளவுதான். ரயில்வே காலத்து மட்டம் என்றதும் இருவரும் அதை மறுக்கவில்லை. அந்தச் செங்கல் தளத்தை அமைத்தவர்கள் தங்கள் வண்டிக்காகத்தான் அமைத்தார்கள்; அது இன்று இரண்டு வயல்களுக்கு நடுவே மத்தியஸ்தம் செய்யும் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

கட்டுமானத்தைச் சரிசெய்வதில் எனக்குத் தெரிந்தது பாதிதான்; மீதி கொத்தனாருடையது. மதகின் வளைவில் அரசங்கன்று ஒன்று வேர்விட்டிருந்தது. ஒரு மாணவர் பிடித்து இழுக்கப் போனார். கொத்தனார் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். வேர் செங்கல்லின் இடுக்குகளில் விரலைப்போல் நுழைந்து பரவியிருக்கும், இழுத்தால் கல்லோடு வரும். தண்டை ஒட்ட அறுத்து, துளிர்க்கத் துளிர்க்கக் கிள்ளி, உள்ளேயே பட்டுப்போகச் செய்த பிறகுதான் அந்த இடத்தைத் தொட்டார். பெங்களூர் இளைஞர் ஆர்வத்தோடு வாங்கி வந்த சிமெண்ட் மூட்டை பிரிக்கப்படாமலே திரும்பிப் போயிற்று. பழைய செங்கல் மெத்தென்றிருக்கும், சுண்ணாம்புக் காரையின் வழியே ஈரத்தை வெளியே விடும். மேலே சிமெண்ட்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே நின்றுவிடும். கடலோரக் காற்றின் உப்பும் சேர்ந்து செங்கல்லின் முகம் பொரிந்து உதிரும், பூச்சு மட்டும் அப்படியே நிற்கும். முன்பு யாரோ அப்படிப் பூசிவைத்த இடத்தில் விரலால் சுரண்டியதற்கே சிவப்புத்தூள் கொட்டியது. கிளிஞ்சல் சுண்ணாம்பை நீற்றி, மணலும் செங்கல் தூளும் கலந்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு இடித்து, இடுக்குகளில் அடைத்தார். பிறகு அதன் மேல் சாக்கை நனைத்துப் போட்டு, நாள்தோறும் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. சம்பளமில்லாத வேலையில் மிகக் கடினமானது இதுதான் என்று நான் கண்டுகொண்டேன். ஞாயிற்றுக்கிழமை வெட்டவும் சுமக்கவும் நிறையப் பேர் வருவார்கள். செவ்வாய்க்கிழமை மதியம் சாக்கை நனைக்க ஆள் கிடைக்காது. கேங்மேனுக்கு அது வேலை, ஆகவே செய்தான். தன்னார்வலரிடம் அதை எதிர்பார்க்க நமக்கு உரிமை இல்லை. கடைசியில் சாக்கை நனைத்தவர், யாரும் கேட்காமலே, அந்தக் கீழ்ப்பக்கத்துப் பெரியவர்தான்.

இந்தப் பாதை திரும்ப வருமா என்று கேட்காதவர்கள் இல்லை. 1976-இல் நின்ற நீடாமங்கலம்–மன்னார்குடிப் பாதையில் 2011-இல் அகலப்பாதை ரயில் ஓடியது. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 2023-இல் ரயில் திரும்பியது. ஆகவே ஊர்க்காரர்களின் ஆசை வெறும் கனவு அல்ல. ஆனால் அகலப்பாதை வந்தால் எங்கள் சுண்ணாம்பு மதகுகள் நிற்காது. அதிக பாரத்துக்கும் அகலமான கரைக்கும் ஏற்ற கான்கிரீட் பெட்டிகள்தான் அந்த இடத்தில் வரும். அப்படியானால் எதற்காக இந்தப் பாடு என்று மாணவி ஒருவர் கேட்டார். எங்கே எத்தனை கண், தளம் எந்த மட்டம், எந்த வாய்க்காலுக்கு எந்த வயலின் நீர் என்று நாங்கள் அளந்து எழுதும் பதிவேடு, புதிய பாதைக்கு நீர்வழி கணக்கிட வரும் பொறியாளருக்குக் கிடைத்தால் பயன்படும் என்றேன். கண்ணை அடைத்துவிட்டு ரயில் விட்ட பாதை எதுவும் டெல்டாவில் நிம்மதியாக இருந்ததில்லை. அவருக்கு அது முழுதும் ஒப்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. இடிக்கப்படுவதற்காக ஒன்றைச் சீர்செய்வது எனக்கு மட்டும் முழுதும் ஒப்புகிறதா என்ன?

இப்போது இளைஞர்கள் நிலையத்துக்குப் பக்கத்தில், பார்வைக்காக, சிறிது நீளத்துக்கு மீட்டர்கேஜ் பாதை போட்டுக் காட்ட வேண்டும் என்கிறார்கள். ஆயிரம் மில்லிமீட்டர் இடைவெளி எவ்வளவு குறுகியது என்பதை 1,676 மில்லிமீட்டர் பாதையில் மட்டுமே பயணம் செய்த பிள்ளைகள் பார்க்கட்டும் என்று நானும் ஒப்புக்கொண்டேன். விண்ணப்பத்தோடு இணைக்க அவர்கள் வரைந்து கொண்டுவந்த படத்தில், தண்டவாளத்துக்கு முன்பே வடிகாலைக் குறித்திருந்தார்கள். அது நிலையத்துக்குத் தென்புறக் குட்டையில் போய்ச் சேருகிறது. குட்டை யார் பெயரில் இருக்கிறது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டிருக்கிறோம்.