பல்லாவரத்துக்கு வெள்ளிக்கிழமை போங்கள்

சென்னைப் புறநகரான பல்லாவரத்துக்கு மின்சார ரயிலில் போவதுதான் புத்திசாலித்தனம். கடற்கரை–தாம்பரம் தடத்தில் அது 1931 முதல் ஓடுகிறது. வெள்ளிக்கிழமை சந்தை நாள். ஜிஎஸ்டி சாலையில் பஸ் மாட்டிக்கொண்டால் வெயில் ஏறிவிடும்.

முதலில் மலை. ஊர்க்காரர்கள் வாயில் அது பஞ்சபாண்டவர் மலை. பாண்டவர் யாரும் வரவில்லை. குகைக்குள் ஐந்து அறைகள் இருப்பதால் ஒட்டிக்கொண்ட பெயராக இருக்கும். ஏழாம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த கோயில் இது, இன்று தர்கா. பல்லவபுரம் தேய்ந்துதான் பல்லாவரம். செருப்பைக் கழற்றி, தலையை மூடிக்கொண்டு போங்கள். படம் எடுக்குமுன் கேட்டுவிடுங்கள். உத்திரத்தில் மன்னனின் பட்டப்பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. மேலே பூச்சு ஏறியிருப்பதால் டார்ச்சை நேராக அடித்தால் ஒன்றும் தெரியாது. பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து நிழலாக எழும்பும்.

இங்குள்ள கருங்கல்லுக்கு உலகப் பெயர் உண்டு: சார்னோக்கைட். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ஜாப் சார்னோக்கின் கல்லறைக்கல் இதே வகை என்பதால் புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் வைத்த பெயர். புதிதாக உடைந்த முகம் நீலக் கறுப்பாக, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும். வெயில் மழை பட்ட பக்கம் பழுப்பேறிக் கிடக்கும். அதனால் உடைந்த சில்லைப் பாருங்கள். திரிசூலம் பக்கம் இந்தக் கல்லை ஜல்லியாக்கியே குவாரிகள் பள்ளமாயின.

இதைவிடப் பழைய கதை அணிவகுப்பு மைதானத்தருகே, சரளை தோண்டிய பள்ளத்தில் கிடைத்தது. 1863 மே 30 அன்று புவியியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே எடுத்த கைக்கோடரிதான் இந்தியப் பழைய கற்கால ஆய்வின் தொடக்கம். பள்ளத்தைத் தேடி அலைய வேண்டாம். அவருடைய சேகரிப்பு எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1911 முதல் இறுதிவரை மறைமலையடிகள் வாழ்ந்ததும் இந்த ஊர்தான்; வீடு சாவடித் தெருவில்.

பிறகு சந்தை, பழைய டிரங்க் ரோட்டில். புறா, கோழி, செடி, பழைய மிக்ஸி, கழற்றிய மோட்டார், கருவாடு எல்லாம் ஒரே வரிசையில். மின்பொருளை ஓட்டிப் பார்க்காமல் வாங்காதீர்கள். அடுத்த வாரம் அதே ஆள் அதே இடத்தில் இருப்பார் என்று சொல்ல முடியாது. ரேடியோ, டார்ச் வாங்குவதானால் பேட்டரியைக் கையோடு கொண்டுபோங்கள். செடியில் பூவைப் பார்த்து மயங்க வேண்டாம், பையை அமுக்கிப் பாருங்கள். களிமண் கெட்டியாக உருண்டிருந்தால் தொட்டிக்கு மாற்றும்போது வேர் அறும். ஒரு நாள் நீரில் ஊறவிட்டுத் தளர்த்தினால் பிழைக்கும். வாங்கியதைத் தூக்கிக்கொண்டு ரயிலேற வேண்டும், மாலைக் கூட்டத்துக்கு முன்பே கிளம்புங்கள்.